சீடை தின்றவள்

பதினோரு மணிக்கு வருகிறேன் ஆன்ட்டி என்று சொல்லியிருக்கிறாள் அந்தத் தாரிணி, இப்போது பத்து ஐந்து, கொத்தவரங்காய் அரைக் கிலோ அப்படியே கிடக்கிறது. இந்தக் காயைச் சமைக்கலாம் என்று முதலில் சொன்னவர் நிச்சயம் நறுக்கினவராக இருந்திருக்க மாட்டார். காம்பைக் கிள்ளு, நுனியைக் கிள்ளு, நாலைந்தைச் சேர்த்துப் பிடித்துப் பொடியாக நறுக்கு, முக்கால் மணி நேரம் நறுக்கினது வெந்தால் ஒரு கிண்ணம், அதையும் வாயில் போட்டுக்கொண்டு லேசாகக் கசக்கிறதோ என்பார் என் வீட்டுக்காரர். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பெரியம்மா, 'முத்தலா இருக்கேடி, உடைச்சுப் பாத்து வாங்கப்படாதோ' என்கிறாள். எழுபத்து மூன்று வயதில் முட்டி இரண்டும் போய்விட்டது, கண் போகவில்லை, பேப்பர் படித்துக்கொண்டே பத்தடி தள்ளியிருக்கிற கொத்தவரங்காயின் வயதைச் சொல்லுவாள். உடைச்சுப் பாத்தா காய்காரன் என் கையை உடைப்பான் பெரியம்மா என்றேன். சிரிக்கவில்லை. தாரிணி வருகிறாள் என்று காலையில் சொன்னதிலிருந்தே அவள் முகத்தில் சிரிப்பில்லை. பெரியப்பா எழுதின கதைகளுக்குக் கண்காட்சி வைக்கிறார்களாம், அதற்காகத் தாரிணிக்கு அந்தப் பிஸ்கட் டப்பா வேண்டும். மூடியில் குதிரை வண்டி போட்ட, விளிம்பெல்லாம் துருப்பிடித்த, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பெரியப்பா போனபிறகு பெரியம்மாவோடு மாயவரத்திலிருந்து இந்த நங்கநல்லூர் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்த டப்பா. துருவைத் தேய்த்துவிடாதீர்கள் ஆன்ட்டி, துருதான் அழகு என்று போனில் சொன்னாள். என் மூஞ்சியில் இருக்கிறதையும் தேய்க்கவில்லையம்மா, வந்து பார் என்று சொல்ல வந்தது. டப்பா போதாதென்று என் காலடி வேறு வேண்டுமாம், ஒரு வெள்ளைத் துணியில், மாவில் தோய்த்து. ஐம்பத்து நாலு வயதுக் கால், குதிகால் வெடிப்போடு, சாயங்காலமானால் பன்னாக வீங்கிவிடுகிற கால். அதைச் சட்டம் போட்டு மாட்டி, கீழே 'நிஜக் குந்தலாவின் பாதம்' என்று எழுதிவைப்பார்கள். இதெல்லாம் முடிந்த பிறகு கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை. நிஜமாகவே நீங்கள்தானா ஆன்ட்டி அந்தக் குந்தலா, நிஜமாகவே எல்லாவற்றையும் தின்றுவிட்டீர்களா என்று கேட்பாள். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் நான் நேற்று ராத்திரியிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

பெரியப்பா பெயர் சேஷாத்ரி, ஆனால் அந்தப் பெயர் தபால்காரனுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும், ஊருக்கெல்லாம் அவர் மணலூர் மாமா. குழந்தைகளுக்கு எழுதுகிறவர். சொந்தக் குழந்தை இல்லாதவர், அதனால் தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லாமே அவர் குழந்தைகள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருத்தர் எழுந்து சொல்வார், பெரியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் எழுதினது நாற்பதோ ஐம்பதோ, நின்றது ஒன்று. 'குந்தலாவும் சீடை டப்பாவும்'. கோகுலாஷ்டமி அன்றைக்கு, சுவாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் சீடையைத் திருடித் தின்கிற குண்டுப் பெண் குந்தலா. கிருஷ்ணர் பாதம் வைப்பதற்காகக் காலில் மாவு தோய்த்திருந்ததை மறந்துபோய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காலடி, அதைப் பிடித்துக்கொண்டே போனால் நெல் கொட்டிவைக்கிற குதிருக்குள் உட்கார்ந்து மொக்கிக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் அழுகிறாள், கிருஷ்ணரே வந்து தின்றார் என்று வைத்துக்கொள்வோம் என்று தாத்தா சொல்கிறார், சுபம். பெயரைக்கூட மாற்றவில்லை அந்த மனுஷர். ஒரு கோமளா, ஒரு விமலா, எத்தனை பெயர் இருந்தது. மாயவரத்தில் என் வயதில் ஒரே குந்தலா நான்தான். கான்வென்டில் நாலாவது படிக்கும்போது சிஸ்டர் பெர்னடெட் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குந்தலா ஸ்டாண்டப் என்றாள், நின்றேன், படம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், 'பட் ஷீ இஸ் ஸோ தின்' என்றாள், வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவள் நல்லவள், கேலிக்காகச் செய்யவில்லை, அதனால்தான் இன்றுவரை அவளைத் திட்டக்கூட முடியவில்லை. சனிக்கிழமை கிறிஸ்தவப் பெண்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது நானும் போய் நின்றிருக்கிறேன், சொல்லணும் என்று அவ்வளவு முட்டிக்கொண்டு வந்தது, நீ ஹிந்து, போய் லஞ்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்கள். லஞ்ச். அதுதான் விஷயமே. டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு தலை எட்டிப் பார்க்கும், குந்தலா என்ன தின்கிறாள் என்று. பெண் பார்க்க வந்த இடத்தில் மாமனார் சொஜ்ஜித் தட்டைக் காட்டி, எங்களுக்கும் மிச்சம் வையம்மா என்றார், அறையே சிரித்தது, என்னைப் பார்க்க வந்தவரும் சிரித்தார், அந்தச் சிரிப்போடுதான் இருபத்தெட்டு வருஷமாகக் குடித்தனம். இன்றைக்கும் நான் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டதில்லை. இரண்டு வாய், போதும், எழுந்துவிடுவேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றுகொண்டு, விளக்குப் போடாமல், தயிர் சாதத்தை விழுங்குவேன். என் பெண் ஒருதரம் பார்த்துவிட்டு, ஏம்மா திருடி மாதிரி தின்றே என்று கேட்டாள். தெரியாமல் கேட்டாள்.

குதிர். எந்தக் குதிர். நாங்கள் எல்லாரும் ஒன்றாக இருந்த மாயவரத்து வீட்டில் குதிரே கிடையாது, ரேஷன் அரிசி, சாக்கோடு மூலையில் நிற்கும். கண்காட்சிக்காக இப்போது ஃபைபரில் ஒரு குதிர் செய்திருக்கிறார்களாம், குழந்தைகள் உள்ளே போய் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாமாம். காலடி குதிருக்குப் போகவில்லை. ஏழு வயதுக் கால், பெரியப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, என்னைத் தூக்கி மாவுத் தாம்பாளத்தில் நிறுத்தி, வாசலிலிருந்து சுவாமி உள்வரைக்கும் நடடி, நீதான் கிருஷ்ணர் என்றாள். மற்ற வருஷங்களில் பெரியம்மாதான் பாதம் போடுவாள், கையை மடக்கி மாவில் ஒற்றி, விரலை ஐந்து புள்ளியாக வைத்து, அச்சுப்போல இருக்கும். அந்த வருஷம் அவள் தூரம், மூன்று நாள் வீட்டுக்கு விலக்கு. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் விறகு போடுகிற அறையில் பாயும் சொம்புமாக உட்கார்ந்திருந்தாள். மற்ற நாளில் காலையிலும் ராத்திரியும் சாதம் தள்ளிவிடுவார்கள். அன்றைக்குப் பண்டிகை, வீடு முழுக்க மடி, நைவேத்தியம் ஆகாமல் யாருக்கும் ஒரு வாய் கிடையாது, ராத்திரி எட்டு மணிக்குப் பூஜை. எங்களுக்காவது பால் இருந்தது. அவளை அத்தை மறந்துபோனாளா, மறந்தமாதிரி இருந்தாளா, தெரியாது. நான் மத்தியானம் கொல்லைக்குப் போனபோது சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாள், குந்தலா, இன்னும் எத்தனை நாழிடி ஆகும் பூஜைக்கு என்று கேட்டாள். அந்தக் குரல். இருபத்தாறு வயசுப் பெண்ணின் குரலே இல்லை அது. சாயங்காலம் வாசலிலிருந்து பூஜை அறைவரை நடந்தேன், கிருஷ்ணர் வந்தாச்சு என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு பூப்பறிக்கப் போனாள், கிருஷ்ணர் அடுப்படி அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கினார், மூடி சத்தம் போடாமல் திறந்தார், பாவாடையில் கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டார், ரேழி வழியாகக் கொல்லைக்கு நடந்தார். காலில் மாவு காயவில்லை. இவ்வளவுதான் கதை. நான் ஒன்றுகூட வாயில் போடவில்லை, எனக்கு அந்த நேரத்தில் தின்னத் தோன்றவே இல்லை, அவள் தின்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தின்கிறதைப் பார்ப்பது அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அப்புறம் என் பெண்ணைப் பெற்றபோதுகூட அந்த மாதிரி இல்லை.

கத்தி மழுங்கிவிட்டது, நறுக்காமல் நசுக்குகிறது, சாணைக்காரன் வந்து ஆறு மாசம். அன்றைக்கு, அவள் தின்கிறபோது திரும்பிப் பார்த்தால் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார், கொல்லை வாசற்படியில். காலடியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். பெரியம்மா வாயில் இருந்தது வாயில், கையில் இருந்தது கையில். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார், ஈரத்துணி கொண்டுவந்தார், கொல்லைப்படியிலிருந்து ரேழிவரைக்கும் குனிந்து ஒவ்வொரு காலடியாகத் துடைத்தார். அவர் அந்த வீட்டில் குனிந்து ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அடுப்படிக்குப் போகிற காலடிகளை மட்டும் விட்டுவிட்டார். அதில் பட்சமா, பயமா, நாற்பத்தேழு வருஷமாக யோசிக்கிறேன். அவளைக் காப்பாற்றத் துடைத்தார் என்று ஒருநாள் தோன்றும். அப்படியானால் பசியோடு ஒருத்தி விறகுக்கிடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தட்டுச் சாதம் கொண்டுவந்திருக்கலாமே, அக்காவிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, துணியை எடுக்கத் தெரிந்த கைக்குத் தட்டை எடுக்கத் தெரியாதா என்று மறுநாள் தோன்றும். அத்தை வந்தாள், டப்பாவைப் பார்த்தாள், யாருடி என்றாள். தூரமாக இருக்கிறவளிடம் போய்விட்டு வந்த கையால் டப்பாவைத் தொட்டேன் என்று தெரிந்தால் மொத்தப் பட்சணமும் குப்பைக்கு, பூஜையும் போச்சு, பெரியம்மாவை என்ன பேசியிருப்பாளோ. நான்தான் தின்னேன் என்றேன். எல்லாத்தையுமா என்றாள். ஆமாம் என்றேன். தொடையில் ஒரு கிள்ளு, அப்புறம் அவளே சிரித்துவிட்டாள், குழந்தைதானே கிருஷ்ணர் என்று. பெரியப்பா தூணில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாசம் கதை வந்தது. ஆக, அந்தப் பொய் என்னுடையது, அவர் பேனாவை மட்டும் போட்டார். அதுகூட அவர் போடவில்லை. அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி, அச்சாபீசில் யாராலும் படிக்க முடியாது, எல்லாவற்றையும் பெரியம்மாதான் முத்துமுத்தாகப் படியெடுத்துக் கொடுப்பாள். இதையும் அவள்தான் படியெடுத்தாள். குதிருக்குள் உட்கார்ந்து மொக்கினாள் குந்தலா என்று அவள் கையால் எழுதினாள். மாமாவின் கையெழுத்து என்ன அழகு ஆன்ட்டி என்று அந்த நோட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம்.

பத்து நாற்பது. சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு விட்டால் இனிமேல் யார் வந்து என்னைக் கேட்கப்போகிறார்கள், கேமரா போனால் போனதுதான், நான் செத்தால் பேப்பரில் சீடைக் குந்தலா காலமானார் என்று போடுவான். ஆனால் அவளிடம் சொல்லாமல் சொல்லக்கூடாது. கத்தியை வைத்துவிட்டு, 'பெரியம்மா, இன்னிக்கு நான் அந்தப் பொண்ணுகிட்ட நிஜத்தைச் சொல்லப்போறேன்' என்றேன். பேப்பரை மடித்தாள். 'எதை.' 'யார் தின்னாங்கறதை.' பேப்பரை இன்னும் சின்னதாக மடித்தாள், நாலாக, எட்டாக. 'தூரமா உக்காந்திருந்தவ, சுவாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடி எடுத்துத் தின்னான்னு டிவிக்காரா போடணுமா.' 'டிவி இல்லை, கண்காட்சி. அதுவும் இந்தக் காலத்துல அதை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டா பெரியம்மா. உன்னைப் பட்டினி போட்டவாளைத்தான் சொல்லுவா.' 'யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியாதா.' 'என்ன தெரியும்?' என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன், என் வாய் அப்படி. அவள் முட்டியைத் தடவிக்கொண்டே, கொத்தவரங்காயைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னாள். 'அதுக்கப்பறம் மூணுடி. மூணும் தங்கலை. மூணாவது அஞ்சு மாசம், ஆம்பளைப் பிள்ளை. கிருஷ்ணனுக்கு வெச்சதை எச்சில் பண்ணினவளுக்கு அவன் எப்படி வந்து பொறப்பான். வேண்டாம்னு சொல்லியிருக்கணும், நீ நீட்டினே, பசி, தின்னுட்டேன்.' அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'உன்னை நான் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே குந்தலா' என்றாள்.

ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆமாம், சொன்னதில்லை. கான்வென்டுக்கு எனக்குப் பின்னல் போட்டு அனுப்பினவள், பரீட்சைக்கு ஓவல்டின் கலந்து கொடுத்தவள், என் பிரசவத்துக்கு வந்து மூன்று மாசம் பத்தியம் சமைத்தவள், குளிப்பாட்டினபோது குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், என்ன பெரியம்மா என்றேன், தண்ணி சூடு பாக்கறேன் என்றாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாத அந்த ஒரு வார்த்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் பின்னினாளா, கலந்தாளா, சமைத்தாளா. என் வாழ்க்கையில் யாருக்காவது நான் ஒரு நல்லது செய்தேன் என்றால் அது அந்தப் பாவாடை நிறையச் சீடைதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மற்றதெல்லாம் கடமை, மாமியாருக்குப் பால் ஆற்றினது, வீட்டுக்காரருக்கு இஸ்திரி போட்டது, அதெல்லாம் செய்யாவிட்டால் பேச்சு வரும் என்று செய்தது. அது ஒன்றுதான் யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது. ஊர் என்னைத் தின்னி என்று சிரித்தபோதெல்லாம் உள்ளே ஒரு மூலையில் நான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன், சிரிங்கள், சிரிங்கள், எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும் என்று. அவளுக்குத் தெரிந்தது இது. நான் சாப்பாடு நீட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் மூன்று பிள்ளைகளை விழுங்கினதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரத்தச் சோகை பெரியம்மா அது, உனக்கு அந்த வீட்டில் சாப்பாடே போடவில்லை, எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவான் என்று கத்தலாம். கத்தினால், படிச்சவ நீ சொல்றே என்பாள். எழுபத்து மூன்று வயதில் ஒருத்தியிடமிருந்து அவள் பாவத்தைப் பிடுங்கிவிட்டால் அந்த மூன்றுக்கும் அவளிடம் என்ன காரணம் மிச்சம் இருக்கும். சும்மா செத்தது என்றா சொல்வது. மணி பார்த்தேன், பத்து ஐம்பத்தைந்து, காய் பாதிகூட ஆகவில்லை, காலிங்பெல்.

இந்தப் பெண் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள், அதற்கும் எனக்குக் கோபம். தோளில் பெரிய பை, மூன்று கால் ஸ்டாண்டு, நெற்றியில் ஒரு பொட்டுக்கூட இல்லை, ஆனால் வந்ததும் குனிந்து பெரியம்மா காலைத் தொட்டாள். 'நன்னா இரு' என்றாள் பெரியம்மா, என்னைப் பார்க்காமல். டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள் தாரிணி, போனை ஸ்டாண்டில் மாட்டினாள், என்னை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். 'ஆன்ட்டி, காலடி கடைசியில எடுத்துக்கலாம். முதல்ல பேசிடலாம். கதையில வர்ற குந்தலா நீங்கதானே.' 'நான்தான்.' 'அந்தச் சீடையெல்லாம் நிஜமாவே நீங்க தின்னீங்களா.' பெரியம்மா மடித்த பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தாள், பேப்பர் அசையவே இல்லை. சொல்லுடி என்று ஒருத்தி உள்ளே பிடரியைப் பிடித்துத் தள்ளினாள், நாலாவது வகுப்பில் நின்றுகொண்டிருந்தவள், பெண் பார்த்த அன்றைக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள். 'ஆமாம்மா, நான்தான் தின்னேன்' என்றேன், 'மொத்தத்தையும்.' எவ்வளவு சுலபமாக வருகிறது, பழகின வாய். தாரிணி சிரித்தாள். 'ஒரே ஒரு கேள்வி ஆன்ட்டி, ஸ்கூல் பசங்க எல்லாரும் கேக்கறாங்க, கதையில சொல்லவே இல்லை. அது உப்புச் சீடையா, வெல்லச் சீடையா.' நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். மூடி, பாவாடை, கால் மாவு எல்லாம் வந்தது, சீடையின் நிறம் வரவில்லை. புத்தகத்தில் படம் போட்டவன் வெள்ளை வெள்ளையாகப் போட்டிருந்தான், அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கண்ணுக்குள் அதுதான். 'உப்பு' என்றேன். 'வெல்லம்' என்றது பேப்பர். தாரிணி திரும்பினாள். பேப்பர் மெதுவாக மடியில் இறங்கியது. 'வெல்லச் சீடை. ஏழு. கடைசி ஒண்ணு பெரிசு, நடுவுல வேகலை, பச்சை மாவா இருந்தது' என்றாள் பெரியம்மா, சொல்லிவிட்டு, தான் பேசினதைத் தானே கேட்டவள்போல வாயை மூடிக்கொண்டாள். 'பாட்டிக்கு என்ன ஞாபகம் பாருங்க' என்றாள் தாரிணி, போனைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பினாள், 'அப்போ அது நல்லாவே இருந்திருக்காதே பாட்டி, வேகாம இருந்தா.' நான் பெரியம்மாவைப் பார்த்தேன். உள்ளே நாக்கு எதையோ தேடுகிறமாதிரி அவள் கன்னம் ஒருதரம் அசைந்தது.

'இல்லை' என்றாள். 'நன்னா இருந்தது.'